அடிக்கட்டையில் நின்ற ஜெத்ரோ

கலிபோர்னியா மலையில் மிச்சமிருந்த நாற்பது பெருமரங்களைக் காப்பாற்ற, சட்டசபைக்குக் காட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. வெட்டிய மரமொன்றின் அடிக்கட்டையைப் படமெடுக்கப் போனேன். அகலம் தெரியட்டும் என்று, அதை வெட்டிய ஜெத்ரோவையே உச்சிவெயிலில் மேலே நிற்கவைத்தேன்.

"ஒரு நிமிஷம் அசையாம நில்லுப்பா. அசைஞ்சா படத்துல விழமாட்டே."

"மூணு வாரம் நின்னு வெட்டினவனுக்கு ஒரு நிமிஷம் பெரிசா சார்?"

இருட்டுக் கூடாரத்துக்குள் படம் பதிந்த கண்ணாடித் தகட்டைக் கழுவினேன். அதில் மரம் முழுசாக நின்றது. அடிக்கட்டையும் இல்லை, ஜெத்ரோவும் இல்லை. இதை அனுப்பினால், எங்கே வெட்டினார்கள் என்று கேட்பார்கள்.

"அசைஞ்சிட்டியா?" என்று உள்ளிருந்தே கத்தினேன்.

பதில் தடித்த பலகைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் அமுங்கிக் கேட்டது.

"இல்லையே சார். இறங்கலாமா? இங்க ஒரே இருட்டா இருக்கு."