ரீடூ பொத்தான்

எந்தச் சாமானை வீட்டில் எங்கே போடலாம் என்று வரைந்து பார்க்கும் மென்பொருள் அது. அதில் செய்ததை ரத்து செய்யும் அண்டூவையும், ரத்தானதை மீட்கும் ரீடூவையும் தேஜஸ்வினி எழுதிக்கொண்டிருந்தாள். சோதிப்பதற்காகத் தன் புனே ஃப்ளாட்டையே வரைந்திருந்தாள். ஹாலில் மகள் அம்மு பள்ளியில் படித்த மராட்டிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

அண்டூவை அழுத்த அழுத்த, படத்தில் சோபா போனது, கட்டில் போனது, சுவர்களும் போயின. வெறும் திரை மிஞ்சியதும் அந்தப் பொத்தான் மங்கிவிட வேண்டும். மங்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள்.

பாட்டு நின்றது. ஹாலில் அம்மு இல்லை, அவளுடைய சைக்கிளும் இல்லை. சுவர் ஆணியில் சந்துருவின் ஹெல்மெட் தொங்கியது. குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"தேஜு, துண்டை எடுத்துக் குடு."

ரஞ்சன்காவ் ரோட்டில் அடிபட்டுச் செத்த கணவன் சந்துருவின் குரல். அவன் போனபின் தனிமை தாங்காமல் தத்தெடுத்த பிள்ளைதான் அம்மு.

பின்னால் போன பிறகு புதிதாக ஒன்றைச் செய்தால், ரீடூவில் காத்திருப்பதெல்லாம் அழிந்துவிடும். அந்த விதியைக் காலையில் எழுதியவள் அவளேதான். பதில் சொல்வதும் புதிதாக ஒன்றைச் செய்வதுதானே? ரீடூவில் இப்போது காத்திருப்பவள் அம்மு.

"தேஜு, இருக்கியா?"

வாய் வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு ரீடூவை அழுத்தினாள். தண்ணீர் நின்றது. ஆணி காலியாக இருந்தது. விட்ட வரியிலிருந்து பாட்டு தொடர்ந்தது.

"அம்மா, இருக்கியா?" என்று நடுவில் அம்மு கேட்டாள்.

"இருக்கேன்," என்றாள் தேஜஸ்வினி, குளியலறைக் கதவைப் பார்த்தபடி.