மரு வைத்த கொள்ளுத்தாத்தா

"குதிரைதான்! குதிரை மேல போயி எட்டு ஊரு வரி வசூல் பண்ணாரு!"

"காலைல பல்லக்குன்னியேய்யா! அதத்தானே நான் மனப்பாடம் பண்ணிகினு கீறேன்!"

"பல்லக்குன்னா தூக்க நாலு ஆளு வேணும்டி. அவங்க இன்னா ஆனாங்கன்னு கேப்பாங்க. குதிரைன்னா செத்துப் போச்சுன்னுடலாம்."

கஜபதியும் மனைவி வசந்தகுமாரியும் மோதிக்கொண்டது, சுவரில் மாலையோடு தொங்கிய உள்ளங்கை அளவுப் படத்துக்காக. தந்தத் தகட்டில் தீட்டிய அந்தக் காலத்து ஓவியம். தலைப்பாகை, சரிகைக் கோட்டு, மூக்கில் ஒரு மரு. ஆள் யாரென்று, விற்ற யூசுப்புக்கே தெரியாது. பாடி பாலத்துக்கு அடியில் பழைய சாமான் கடை அவருடையது.

'பூர்வீகம் என்ன?' என்று கேட்டுத்தான் மகன் பரத்துக்கு வந்த இரண்டு சம்பந்தமும் நழுவின. மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் கஜபதிக்குப் பட்டறைதான் பூர்வீகம். இன்றைக்கு ஆவடியிலிருந்து வருகிறவர்களோ பரம்பரைப் பெருமைக்காரர்களாம். தரகர் சொல்லியிருந்தார்.

"பேராவது ஞாபகம் கீதாடி உனக்கு?"

"ராவ் பகதூர் துலுக்கானம்."

வாசலில் கார் நின்றது. பெண் லாவண்யாவின் அப்பா குணசேகரனும் மூத்த மாப்பிள்ளை உதயகுமாரும் வந்து உட்கார்ந்தார்கள். காபியை வாங்கிய உதயகுமார் சுவரைப் பார்த்துத் துள்ளினான்.

"மாமா! இவரு உங்க கொள்ளுத்தாத்தாவாச்சே! எங்க கல்யாணத்தப்போ உங்க குவார்ட்டர்ஸ்ல மாட்டியிருந்தீங்களே, அதே மரு! வெள்ளத்துல போச்சுன்னீங்க?"

"ஆ... ஆமா மாப்ள" என்றார் குணசேகரன். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாங்க இது, எங்க கொள்ளுத்தாத்தா!" என்றார் கஜபதி. "ராவ் பகதூர்! குதிரையில..."

"பல்லக்கு" என்றாள் வசந்தகுமாரி.

உதயகுமார் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே கொள்ளுத்தாத்தான்னா நீங்க பங்காளிங்க. பரத்தும் லாவண்யாவும் அண்ணன் தங்கச்சி. தப்பிச்சோம் மாமா, கிளம்புங்க!"

கதவோரம் நின்ற பரத்தின் முகம் செத்துவிட்டது. கஜபதி அதைப் பார்த்தார். மீசை துடித்தது.

"உக்காருப்பா. அவரு எங்க தாத்தா இல்ல. கடையில வாங்கினது. எங்க தாத்தா அடுத்தவன் கழனியில நாத்து நட்டவரு. போதுமா?"

"பாத்தீங்களா மாமா, ஃபிராடு! இவங்க வீட்டுலயா பொண்ணக் குடுப்பீங்க?"

குணசேகரன் எழுந்தார். கஜபதியின் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனார். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நிறுத்தி, மாப்பிள்ளை வருகிறானா என்று எட்டிப் பார்த்தார். பிறகு காதோடு சொன்னார்:

"கல்யாணத்த முடிச்சிடலாம் சம்பந்தி. முடிஞ்ச கையோட படத்த யூசுப் கடையில திருப்பிக் குடுத்துடுங்க, நானும் அப்படித்தான் குடுத்தேன். ஆனா மாப்ள முன்னாடி குதிரை, பல்லக்குன்னு மட்டும் வாய விட்டுடாதீங்க, நான் யானைன்னு சொல்லி வச்சிருக்கேன்."