எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம்

காலையில் சமையலறைச் சுவர்த்திரையில் எண் மாறியிருந்தது. அந்தப் பெரிய வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் மகள் யாழினிக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு நேற்றுவரை நாற்பத்தொரு சதவீதம், இன்று ஐம்பத்தெட்டு. கோமதிக்குத் தலைகால் புரியவில்லை. எண் ஏறினால் அக்கம்பக்கத்துக்கு இனிப்பு கொடுப்பது அந்தக் குடியிருப்பில் வழக்கமாகிவிட்டது. நெய் ஒழுகக் கேசரி கிளறி, முதல் கிண்ணத்தை எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

கதவைத் திறந்தது ஷெரின். யாழினியோடு படிக்கிறவள், அதே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தவள். ஒரு பள்ளியிலிருந்து ஒருவரைத்தான் அங்கே எடுப்பார்கள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"அப்பாவுக்குப் பக்கவாதம் ஆன்ட்டி. அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. இனிமே நான் எங்க படிக்கப் போறது? விடிஞ்சதும் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிட்டேன்."

கோமதி கிண்ணத்தை முந்தானையால் மூடப் பார்த்தாள். நெய் வாசத்தை மூட முடியவில்லை.

"இது சும்மா செஞ்சதும்மா" என்றாள்.

ஷெரின் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இன்னும் சுட்டது.

"யாழினிக்கு எவ்வளவு ஏறுச்சு ஆன்ட்டி?"