வால்டருக்கும் மோலிக்கும் நடுவில்

வால்டருக்கும் மோலிக்கும் நடுவில் ஸ்டானிஸ்லாஸ் ஒரு கூரைக்குறி போட்டார்.

சிவப்பு மையில், சின்னதாக. போட்டுவிட்டு, அதன் மேல் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

அவர் கையில் இருந்தது மனைவி ரோசலினின் நினைவுக் கார்டு. முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பது. அக்ரஹாரத்து அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர் அவர்தான். இதை மட்டும் வேறு யாராவது பார்க்கட்டுமே என்று முதலாளி சொல்லத்தான் செய்தார். இவர் கேட்டால்தானே!

கார்டில் பிழை ஒன்றும் இல்லை. கடைசியில் 'துக்கத்துடன்' என்று போட்டு, கணவர் பெயர். அதற்குக் கீழே பிள்ளைகள்: வால்டர், மோலி.

ஆனால் ரோசலின் படுக்கையில் கிடந்தபோது அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"என் கார்டுல மூணு பிள்ளைங்களும் வரணுங்க."

சரி என்று தலையாட்டினார். சாகப் போகிறவளிடம் வேறென்ன சொல்வது?

எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் பாலன் புரூஃபை வாங்கிப் பார்த்தான். நாட்டின் முதல் தேர்தல் வந்துவிட்டது. வேட்பாளர்களின் நோட்டீசுகள் அவன் மேஜையில் மலையாகக் குவிந்து கிடந்தன. மூச்சுவிட நேரமில்லை அவனுக்கு.

"சார், மேல ஒண்ணும் எழுதலையே. பேரைச் சொல்லுங்க, ஸ்வல்ப நேரத்துல கோத்துடறேன்."

ஸ்டானிஸ்லாஸ் மூடின பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அந்தக் குறிக்கு அச்சகத்துப் பையன்கள் வைத்த பெயர்தான் கூரை. விட்டுப்போனதை இங்கே சேர் என்று அர்த்தம். இங்கிலீஷில் கேரட் என்பார்கள். காய்கறிக் கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது லத்தீன். சாமியாராகப் போகிறேன் என்று சின்ன வயதில் செமினரியில் சேர்ந்து, பாதியில் திரும்பி வந்தவர் ஸ்டானிஸ்லாஸ். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது லத்தீன் ஒன்றைத்தான்.

அதனால் அந்தச் சொல்லின் அசல் அர்த்தம் அவருக்குத் தெரியும். சேர் என்பதே அதில் கிடையாது. 'இங்கே ஒன்று இல்லை' என்கிறது, அவ்வளவுதான். பிழை திருத்துகிறவர்கள் அதையே குறிக்குப் பெயராக்கிவிட்டார்கள். இல்லாததை எங்கே போய்த் தேடுவது என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

பாலன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். வீட்டை விட்டுப் போன பிள்ளை யாராவது இருக்கும், இவருக்குக் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். கட்டினவள் போன பிறகும் என்ன வீம்பு?

"பேர் வைக்கலப்பா. இடம் மட்டும் விடு."

பாலன் எழுத்தில்லாத ஈயத்துண்டு ஒன்றை எடுத்து இரண்டு பெயர்களுக்கும் நடுவில் செருகினான். அந்தத் துண்டில் மை ஒட்டாது. கார்டில் அந்த இடம் வெறும் வெள்ளையாகத்தான் வரும்.

வால்டருக்கு அடுத்துப் பிறந்தது ஒரு பெண். வீட்டிலேயே, மாசம் நிறையாமல். அழவில்லை, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. ஞானஸ்நானம் ஆகாமல் போனால் அதற்குப் பெயரும் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. ஸ்டானிஸ்லாஸ் சாமியாரை அழைத்துவர சைக்கிளில் பறந்தார்.

சாமியாரோடு வந்து சேர்ந்தபோது, ரோசலின் குழந்தையின் முகத்தைத் தன் புடவைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் புதைத்தார்கள்.

உயிர் போகிற நேரத்தில் சாமியார் வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, ஒரு வரி ஜெபம். செமினரியில் அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த வரி லத்தீனில் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கட்டிலுக்குப் பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீரும் இருந்தது.

பதற்றத்தில் அது அவருக்குத் தோன்றவே இல்லை. சாமியாரின் வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் தோன்றியது.

ரோசலின் கல்யாணத்தின்போதுதான் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவள். இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவரும் கடைசிவரை சொல்லவில்லை.

சாமியார் வீடு அவ்வளவு தூரத்தில் இருந்தால் நீங்கள்தான் பாவம் என்ன செய்வீர்கள் என்று, சாகும்வரை அவள்தான் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.