இறக்கைக்கு அடியில் தண்ணீர்

மதியம் லேசோ தீவில் தங்கைக்குக் கல்யாணம். காலைப் படகைத் தவறவிட்ட குன்ஹில்டுக்கு இனி விமான கிளப்பின் குட்டி விமானத்தைத் தானே ஓட்டிப் போவதுதான் கதி. கிளம்புமுன் அதைச் சுற்றிச் சுற்றிப் பரிசோதித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுமா சுத்துற? என்ன, மாடா வாங்கப் போற?" கிளப் வாசலில் காபியோடு நின்ற இன்னொரு விமானி ப்ரெபென் கத்தினார். "நான்லாம் ஏறுவேன், பறப்பேன். அவ்வளவுதான்!"

பல்லைக் கடித்துக்கொண்டு, இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்தாள். குழாயின் அடியில் தண்ணீர்! மறுபடி பிடித்தாள். மறுபடியும் தண்ணீர். இதோடு பறந்தால் நடுக்கடலில் என்ஜின் நின்றுவிடும்.

போச்சு. தங்கைக்கு என்ன பதில் சொல்வது? ஆத்திரத்தில் சக்கரத்தை ஓங்கி ஓர் உதை விட்டாள்.

"ஏய், நான் போகப்போற விமானத்தை ஏன்மா உதைக்கிற?" ப்ரெபென் சாவியோடு ஓடிவந்தார்.

"நீங்களா? இது எனக்குக் கொடுத்ததாச்சே!"

"வால்ல இருக்கிற பதிவு எழுத்தைப் பாரு. கடைசி எழுத்து கே. உன்னுது ஆர், அதோ அந்தக் கோடியில நிக்குது. எல்லாத்துக்கும் ஒரே வெள்ளை நீலம் அடிச்சிருந்தா, எழுத்தைப் படிக்க வேணாமா? இவ்வளவு நேரம் சுத்துனியே!"

குன்ஹில்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குழாயை அவர் கையில் திணித்துவிட்டு அந்தக் கோடியைப் பார்த்து ஓட்டம் பிடித்தாள்.

"அப்ப இந்தத் தண்ணியும் உங்களுதுதான், ப்ரெபென்!"