காது ஏரி

"இன்னைக்கு எங்க இருக்கீங்க? சொல்லுங்க, குண்டூசிய நகர்த்தணும்" என்றாள் தையற்காரி, போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு.

"பெரிய ஆறு ரெண்டாப் பிரியுதுல்ல, அதத் தாண்டியாச்சு" என்றான் வெல்டர் கணவன். "இனிமே மரமே கிடையாது. கண்ணுக்கு எட்டுன தூரம் பனிதான்."

சுவரில் இருந்த வரைபடத்தில் சிவப்புக் குண்டூசி ஒரு விரற்கடை மேலே ஏறியது.

வடகோடியில் எண்ணெய்க் குழாய் ஒட்டும் வேலை கிடைத்துவிட்டது என்று அவன் சொன்ன அன்றே, நூலகத்து அட்லஸை விரித்து, சட்டை அளவு வெட்டும் மெல்லிய தாளில் இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்று அவன் பெட்டிக்கு, ஒன்று சுவருக்கு. பள்ளிக்கூடத்தில் மேப் என்றாலே காத தூரம் ஓடியவளுக்கு இப்போது அந்தப் பக்கத்து ஆறெல்லாம் தலைகீழ்ப் பாடம். தைத்துக்கொண்டே அங்கே போய்விடுவாள். இருட்டாத வானம், சத்தமில்லாமல் விழும் பனி, நடுவில் கைகோத்து இரண்டு பேர். அந்த நடையில் ஒரு சட்டைக்கு இரண்டும் இடது கையாகவே தைத்துத் தொலைத்தாள். பனி உருகியதும் கூட்டிப்போவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

ஒரே ஓர் இடம்தான் அவளை உறுத்தியது. மேல் மூலையில், காது மாதிரி ஓர் ஏரி. "இதுக்குப் பேர் என்ன?" என்று புறப்படும்போது அவன் கேட்டதற்கு, "அங்க பேரில்லாத ஏரி எத்தனையோ" என்று மழுப்பினாள். குண்டூசி அதை நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் போயிற்று.

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஒரு படம் அனுப்புங்களேன்."

"சிக்னலே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்கு. படமாம் படம்!"

"பின்னால என்ன, படபடன்னு சத்தம்?"

"ஆலங்கட்டி. கொட்டாய்த் தகரத்துல விழுது. அத விடு, நான் இப்ப எங்க நிக்கிறேன் தெரியுமா? உன் காது ஏரிக் கரையில!"

அவள் குண்டூசியைச் சுவரிலிருந்து பிடுங்கி மேசையில் வைத்தாள்.

"நிஜமாவா?"

"பின்ன? நீ வரைஞ்ச அதே வளைவு. தண்ணி உறைஞ்சு கண்ணாடியாக் கிடக்கு. அந்தக் கரையில ரெண்டு மான், நம்மளையே பாக்குது."

அவள் கண்ணை மூடினாள். அந்த மான்கள் அவளுக்கும் தெரிந்தன. எவ்வளவு அழகாகச் சொல்கிறான், பாவி! கோபம் வரவேண்டிய இடத்தில் அழுகைதான் வந்தது.

"என்னங்க... அந்த வேலை கிடைக்கலன்னா என்ன இப்போ? சொல்லியிருக்கலாமே."

ஜன்னலுக்கு வெளியே கொட்டும் அதே மழை மறுமுனைத் தகரத்திலும் கொட்டியது.

"அது ஏரி இல்லைங்க, என் பேனா கக்குன மை. அசிங்கமாத் தெரியுமேன்னு கரை போட்டு ஏரியாக்கி, இன்னொரு தாள்லயும் வரைஞ்சு வச்சேன்" என்றாள். "மழை விட்டதும் வீட்டுக்கு வாங்க."