மேசைக்கடியில் போன மாத்திரை

“முப்பத்து நாலு,” என்றார் டாக்டர், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தபடி. “போன தடவை உங்க வைட்டமின் டி வெறும் பன்னிரண்டு. முப்பதைத் தாண்டினாலே போதும். மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டிருக்கீங்க. இனி ஊசி வேண்டாம்.”

ஊசி என்றாலே வெலவெலத்துப் போகும் வழுக்கைத் தலைக் கணக்காளருக்கு, போன உயிர் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. மனைவியிடம் குனிந்து குசுகுசுத்தார்.

“இந்த டெஸ்டெல்லாம் ஊரை ஏமாத்துற வேலை. நான் ஒரு மாத்திரைகூட முழுங்கல, தெரியுமா?”

“அப்படியா?”

“நீ சாப்பாட்டோட குடுப்பியே, அதை மேசைக்கடியில நம்ம நாய்க்குப் போட்டுடுவேன். முடி கொட்டிக் கிடந்த நாய், அதான் இப்போ பளபளன்னு திரியுது.”

“தெரியும். அது நாயோட மாத்திரைதான்.”

கணக்காளர் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி விழித்தார்.

“முடி கொட்டுறதுக்கு நாய் டாக்டர் எழுதிக் குடுத்தது. நான் குடுத்தா துப்பிடுது. நீங்க திருட்டுத்தனமா போட்டா லபக்குனு முழுங்கிடுது. உங்க மாத்திரையைத்தான் தினமும் பொடி பண்ணி உங்க பால்ல கலந்தேனே.”

“அடிப்பாவி, என்னைக்காவது மனசு மாறி நானே அதை முழுங்கியிருந்தா?”

மனைவி அவருடைய மண்டையை ஒரு தரம் நிதானமாகப் பார்த்தாள்.

“நல்லதுதானே. உங்களுக்கும் முளைச்சிருக்கும்.”